தெப்பத்தை எண்ணியது போதும்

இராமநாதபுரம் மாவட்டத்து உச்சிப்புளியிலிருந்து வடக்கே போனால் அரியமான் கடற்கரை, தெற்கே போனால் புதுமடம். முன்னது பாக் நீரிணை, பின்னது மன்னார் வளைகுடா. இந்தப் பக்கத்து மக்களுக்கு அவை வடகடல், தென்கடல். இரண்டுக்கும் நடுவில் சில கிலோமீட்டர் அகல நிலந்தான் இருக்கிறது. அந்தத் துண்டு நிலத்துக்கு வந்து சேர்ந்த அரசுத் திட்டங்களுக்குக் குறைவில்லை. மகளிர் குழுக்களுக்குப் பாசி வளர்க்கத் தெப்பம், விசைப்படகுக்காரர்களுக்கு ஆழ்கடல் படகு, தடைக்கால நிவாரணம், டீசல் மானியம் என்று பட்டியல் நீளும். ஆய்வுக் கூட்டங்களில் இவற்றைப் பற்றிக் கேட்கப்படும் கேள்விகள் இரண்டு: எத்தனை பேருக்குக் கொடுத்தீர்கள், எவ்வளவு செலவழித்தீர்கள். கொடுத்த பிறகு அந்த வீட்டில் என்ன மாறியது என்ற மூன்றாவது கேள்வியைக் கேட்க ஆளில்லை. கேட்டாலும் பதில் கிடைக்காது, ஏனென்றால் என்ன மாற வேண்டும் என்பதைத் தொடக்கத்தில் எழுதி வைத்தவர்கள் இல்லை. ஒரு சமுதாயத் திட்டத்துக்குப் பணம் ஒதுக்கும் முன்பே, எதைச் செய்தால் எது நடக்கும், அது ஏன் நடக்கும் என்று நம்புகிறோம் என்பதை ஒரே தாளில் எழுதி ஊராரிடம் படித்துக் காட்ட வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

இதற்கு உலகெங்கும் லாஜிக் மாடல் என்று பெயர். 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில், அமெரிக்காவின் வெளிநாட்டு உதவி முகமை தன் திட்டங்களை மதிப்பிட முடியாமல் தவித்தபோது பிறந்த தருக்கச் சட்டகம் இதன் அண்ணன் முறை. போடும் பணம், ஆள், பொருள் முதலில் வரும். அவற்றைக் கொண்டு செய்யும் வேலை அடுத்து வரும். அந்த வேலையால் கைக்கு வரும் எண்ணிக்கை மூன்றாவது. அந்த எண்ணிக்கையால் மக்கள் வாழ்க்கையில் உண்டாகும் மாற்றம் கடைசி. இந்த நான்கையும் அம்புக்குறி போட்டு இணைத்துவிட்டால் படம் தயார். ஆனால் படத்தின் உயிர் பெட்டிகளில் இல்லை, அம்புக்குறிகளில் இருக்கிறது. ஒவ்வொரு அம்புக்குறிக்கு அடியிலும் ஓர் அனுமானம் படுத்திருக்கிறது. திட்டங்கள் பெரும்பாலும் சறுக்கி விழுவது அங்கேதான்.

வடகடலில் நடந்த பாசி வளர்ப்பை எடுத்துக்கொள்ளலாம். பன்னிரண்டு அடிக்குப் பன்னிரண்டு அடி மூங்கில் சட்டம் ஒன்று. அதில் வரிசையாகக் கயிறு கட்டி, கயிற்றின் முறுக்கில் பாசித் துண்டுகளைக் கோத்து, ஓரா மீன் கடித்துவிடாமல் அடியில் வலை கட்டி, ஆழம் குறைந்த தண்ணீரில் நங்கூரம் போட்டு நிறுத்துகிறார்கள். 45 நாளில் அறுவடை. சுமார் 60 கிலோ விதை 200 கிலோவைத் தாண்டி வளரும். அடுத்த நடவுக்கு விதை எடுத்தது போக மிச்சத்தை மணலில் காயப்போட்டால், பத்து கிலோ பச்சைப் பாசி ஒரு கிலோவாகச் சுருங்கும். அதிலிருந்து எடுக்கும் காராஜீனன் ஐஸ்கிரீமுக்கும் பற்பசைக்கும் போகிறது. ஆளுக்கு 45 தெப்பம் என்று ஒதுக்கியதற்கும் கணக்கு உண்டு. நாளுக்கு ஒரு தெப்பம் அறுத்தால் முதல் தெப்பத்துக்கு மறுபடி முறை வரும்போது பாசி வளர்ந்திருக்கும், தினம் கூலி கிடைத்த மாதிரி இருக்கும். யோசித்துப் போட்ட கணக்குதான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

இந்தப் பாசி நம் கடலில் பிறந்ததல்ல. கப்பாஃபைகஸ் என்ற இந்த இனத்தை 1980-களில் மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. 1990-களில் மண்டபத்தில் வளர்த்துப் பார்த்தது. 2000-களின் தொடக்கத்தில் பெப்சி நிறுவனம் அதை வணிகமாக்கியது. இன்றைக்கும் கரையில் அதற்கு 'பெப்சி பாசி' என்றுதான் பெயர். 2001-இல் காய்ந்த பாசி 21 டன். 2013-இல் 1,490 டன். கிலோ நாலரை ரூபாயிலிருந்து 35 ரூபாய்க்கு விலை ஏறியது. எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவருக்கு இதைவிட அழகான வெற்றிக் கதை கிடைக்காது. பிறகு கடல்நீர் சூடேறி, பாசி வெளுத்து, கொத்துக் கொத்தாக அழுகி உதிர்ந்தது. உற்பத்தி சரிந்தது. ஒரே விதையை வெட்டி வெட்டி ஆண்டுக்கணக்கில் நட்டு வந்ததில் அதன் வீரியம் குறைந்திருந்ததும் அப்போதுதான் பேச்சுக்கு வந்தது. பெண்கள் பலர் பழையபடி தீவுப் பக்கம் முங்கிப் பாசி எடுக்கப் போனார்கள், சிலர் வேறு கூலி வேலை தேடிக்கொண்டார்கள்.

2013-இன் கணக்கையே எடுத்துப் போட்டுப் பார்க்கலாம். ஒரு தெப்பத்தில் 200 கிலோ, அதில் விதை 60 போனால் 140. காய்ந்தால் 14 கிலோ. கிலோ 35 ரூபாய் என்றால் 490 ரூபாய். அன்றைய நிலையில் மோசமான நாள்கூலி இல்லை. ஆனால் இந்த 490-க்குள் எத்தனை அனுமானங்கள் அடைந்து கிடக்கின்றன என்று பாருங்கள். தண்ணீர் தாங்கும் சூட்டைத் தாண்டாது. விதை தன் வீரியத்தை இழக்காது. வாங்குபவர் ஒருவரே என்றாலும் விலையைக் கீழே தள்ளமாட்டார். வடகிழக்குப் பருவக்காற்று தெப்பத்தைப் பிய்க்கும் மாதங்களில் வீட்டுக்கு வேறு வருமானம் இருக்கும். வந்த பணம் பெண்ணின் கையிலேயே நிற்கும். இந்த ஐந்தையும் முதல் நாளே எழுதியிருந்தால், தண்ணீரின் வெப்பத்தை அளக்க ஒரு வெப்பமானியும், மாற்று விதைக்கு ஒரு வங்கியும், மழைக்கால மாதங்களுக்கு ஓர் ஏற்பாடும் திட்டத்தின் பகுதியாகவே இருந்திருக்கும். விதை வங்கியும் திசு வளர்ப்பு நாற்றும் இன்றைய திட்டங்களில் இருக்கின்றன. சரிவுக்குப் பின்னால் வந்த ஞானம் அது.

தெப்பத்துக்குள் அடங்காத இன்னொரு அனுமானமும் உண்டு. வெளியிலிருந்து வந்த பாசி வளர்க்கிற இடத்திலேயே நிற்கும் என்பது அது. தமிழக அரசு 2005 டிசம்பரில் இந்தப் பாசியை வளர்க்க எல்லை வகுத்தது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றிய தேசியப் பூங்காப் பகுதிக்கு அனுமதி இல்லை. 2008-இல் குருசடைத் தீவின் பவளப் பாறைமேல் அது படர்ந்திருப்பதாக ஆய்வுக் குறிப்பு வெளிவந்தது. அது எவ்வளவு ஆபத்து என்பதில் விஞ்ஞானிகளுக்குள் சண்டையே நடந்தது. யார் சொன்னது சரி என்பது இங்கே கேள்வியில்லை. திட்டம் தொடங்குமுன் அந்தப் பாறைகள் எப்படி இருந்தன என்று இடம் குறித்து, படம் எடுத்து, ஆண்டுதோறும் போய்ப் பார்க்க ஏற்பாடு செய்திருந்தால், ஊகத்தால் தீர்க்க வேண்டிய சண்டையைப் பதிவேட்டால் தீர்த்திருக்கலாம்.

அடுத்தது ஆழ்கடல் படகு. 2017-இல் நீலப் புரட்சித் திட்டத்தின்கீழ் மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து அறிவித்தன: பாக் நீரிணையின் 2,000 இழுவைமடிப் படகுகளை மூன்றாண்டில் ஆழ்கடல் படகுகளாக மாற்றுவது, மொத்தச் செலவு 1,600 கோடி. படகு ஒன்று 80 லட்சம். அதில் மத்திய அரசு 50 சதவீதம், மாநில அரசு 20 சதவீதம், வங்கிக் கடன் 20 சதவீதம், மீனவர் கைக்காசு 10 சதவீதம். சங்கிலி பார்க்க நேராகத்தான் இருந்தது. படகு கொடுத்தால் மீனவர் ஆழ்கடலுக்குப் போவார், இழுவைமடி குறையும், எல்லை தாண்டுவது நிற்கும், கைது நிற்கும். இலங்கை அதே 2017-இல் இழுவைமடிக்குச் சட்டம் போட்டுத் தடை விதித்திருந்ததால் அவசரமும் இருந்தது. மூன்றாண்டு முடிந்து மேலும் சில ஆண்டுகள் ஓடிய பிறகும் கடலில் இறங்கிய படகுகள் நூறைத் தொடவில்லை. 2024-இல் மட்டும் ஐந்நூறுக்கும் மேற்பட்ட இந்திய மீனவர்களை இலங்கைக் கடற்படை கைது செய்தது.

ஏன் இப்படி என்று கேட்டால் இராமேசுவரம் பேருந்து நிலையத்தில் டீக்கடை வைத்திருப்பவரும் காரணம் சொல்வார். இங்கே விசைப்படகு காலையில் போய் மறுநாள் காலை கரை திரும்பும் தொழில். தண்ணீர் ஆழம் குறைவு, மடியில் விழுவது பெரும்பாலும் இறால். ஆழ்கடல் என்றால் வாரக்கணக்கில் வீட்டை விட்டுப் போக வேண்டும், தூண்டில் போட்டுச் சூரை பிடிக்க வேண்டும், பிடித்ததைக் கெடாமல் பனிக்கட்டியில் காக்க வேண்டும். அந்த வித்தை கன்னியாகுமரி தூத்தூர்க்காரர்களுக்குத் தலைமுறை வித்தை. பாக் நீரிணையில் அது யாருக்கும் கைவராதது. கைக்காசு எட்டு லட்சம், கடன் பதினாறு லட்சம், பிடித்து வரும் சூரையை இந்தக் கரையில் யார் என்ன விலைக்கு எடுப்பார் என்ற நிச்சயமின்மை. இவை எல்லாம் கரையில் பச்சையாகத் தெரிந்த விஷயங்கள். திட்ட ஆவணத்தில் 'படகு கொடுத்தால் ஆழ்கடலுக்குப் போவார்' என்ற அம்புக்குறிக்கு அடியில் இவற்றை வரிசையாக எழுதியிருந்தால், முதல் ஆண்டில் 500 படகு என்று இலக்கு வைக்கப் பேனா நகர்ந்திருக்காது. தூத்தூர் ஆட்களை அழைத்து வந்து பத்துப் படகில் இரண்டு பருவம் ஓட்டிப் பார்த்திருப்பார்கள்.

இப்படித் திட்டமிட நமக்குத் தெரியாது என்றில்லை. 1980-இல் மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில் உலக வங்கிக் கடனோடு தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் இதற்கு நல்ல சாட்சி. அன்றைய ஒன்றுபட்ட இராமநாதபுரம் மாவட்டமும் அதில் இருந்தது. எல்லாக் குழந்தைகளுக்கும் உணவு என்ற வழக்கமான வழியில் அது போகவில்லை. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளை மாதா மாதம் எடை போட்டார்கள். எடை ஏறாத குழந்தைக்கு மட்டும் சுமார் 90 நாள் சத்துருண்டை. கூடவே தாய்க்கு, எதை எப்போது எப்படி ஊட்டுவது என்ற அறிவுரை. எடை ஏறியதும் உருண்டை நிறுத்தப்படும், மறுபடி சரிந்தால் மறுபடி தொடங்கும். மாதந்தோறும் தராசில் தெரிந்த அந்த எண்தான் திட்டத்தின் நாடி. திட்டப் பகுதிகளில் கடுமையான ஊட்டச்சத்துக் குறைவு மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை குறைந்தது என்று மதிப்பீடுகள் கூறின. எத்தனை உருண்டை கொடுத்தோம் என்பதோடு அவர்கள் நின்றிருந்தால் இதைச் சொல்லியிருக்க முடியாது.

அந்தக் கதையின் பின்பாதி இன்னும் சுவையானது. தமிழ்நாட்டில் பலித்தது என்பதால் அதே அமைப்பை 1995-இல் வங்கதேசத்துக்குக் கொண்டு போனார்கள். எடை போடுவது, சத்துணவு, தாய்க்கு அறிவுரை, எல்லாம் அப்படியே. எதிர்பார்த்த பலன் வரவில்லை. உலக வங்கியின் சொந்த மதிப்பீட்டுப் பிரிவே அதை 2005-இல் எழுதியது. தத்துவவாதி நான்சி கார்ட்ரைட்டும் ஜெரமி ஹார்டியும் கொள்கைச் சான்றுகள் பற்றிய தங்கள் 2012 நூலில் இதையே பாடமாக வைத்தார்கள். காரணம் எளிது. தமிழ்நாட்டு வீட்டில் குழந்தைக்கு என்ன ஊட்டுவது என்பதைத் தாய் தீர்மானிக்கிறாள். அங்கே கிராமப்புற வீடுகள் பலவற்றில் சந்தைக்குப் போய்ச் சாமான் வாங்குவது ஆண், அடுப்படியில் பங்கிடுவது மாமியார். அறிவுரை தப்பான ஆளுக்குப் போய்ச் சேர்ந்தது. கொடுத்த சத்துணவும் குழந்தையின் வழக்கமான சாப்பாட்டுக்கு மேலதிகமாகச் சேராமல் பல வீடுகளில் அதற்குப் பதிலாகப் போயிற்று. கொட்டாம்பட்டியில் யாரும் எழுதி வைக்கத் தேவைப்படாத ஓர் அனுமானம், எல்லை தாண்டியதும் திட்டத்தைக் கவிழ்த்தது. தூத்தூரிலிருந்து இராமேசுவரத்துக்கு ஆழ்கடல் மீன்பிடிப்பைக் கொண்டுவர நினைத்தவர்களுக்கு இதைவிட நெருக்கமான எச்சரிக்கை கிடைத்திருக்காது.

மறுப்புகள் உண்டு, அவற்றில் சில வலுவானவை. கடலை நம்பிய தொழிலுக்குப் படம் போட்டு என்ன பயன், காற்றும் நீரோட்டமும் நம் தாளைப் படித்துவிட்டா அடிக்கின்றன என்பார்கள். கடல் சொன்னபடி கேட்காது என்பது உண்மை. அதனால்தான் எதைக் கேட்கும் என்று நாம் எதிர்பார்த்தோம் என்பதை எழுத வேண்டியிருக்கிறது. சங்கிலி எழுதப்பட்ட திட்டத்தில் பாசி செத்தால், அறுந்த கண்ணி வெப்பமா விதையா விலையா என்று தேடிப் பார்க்க முடியும். எழுதப்படாத திட்டத்தில் பாசி செத்தது என்ற செய்தி மட்டுமே மிஞ்சும்.

இது வெள்ளைக்கார நன்கொடையாளர்களின் காகித வேலை என்பது இரண்டாவது மறுப்பு. இதில் பாதிக்கு மேல் நியாயம் இருக்கிறது. தொண்டு நிறுவனங்களில் இந்தப் படத்தைப் பெரும்பாலும் நிதி கிடைப்பதற்காக நகரத்தில் உட்கார்ந்து எழுதுகிறார்கள். கடற்கரையைப் பாராத ஆலோசகர் ஒரு பெட்டியில் 'வாழ்வாதார மேம்பாடு' என்று தட்டச்சுச் செய்துவிட்டு அடுத்த திட்டத்துக்குப் போய்விடுவார். பிறகு அதைத் திறப்பவர் கிடையாது. அந்த மாதிரித் தாளுக்கு நான் பரிந்து பேசவில்லை. ஆனால் விளைவைச் சொல் என்ற கேள்வி நம் அரசுக்குப் புதிதல்ல. மத்திய அரசு 2005-இலேயே விளைவு வரவுசெலவு அறிக்கை போட்டது, இன்றும் நிதிநிலை அறிக்கையோடு வெளியீடு-விளைவு ஆவணம் வருகிறது. அந்த ஆவணம் தில்லியில் நிற்கிறது, உச்சிப்புளிக்கு வருவதில்லை என்பதே குறை. 2018 முதல் நிதி ஆயோக்கின் முன்னேற விழையும் மாவட்டங்களில் இராமநாதபுரமும் ஒன்று. 49 குறியீடுகள் வைத்து மாவட்டத்தை அளக்கிறார்கள். தடுப்பூசி, பள்ளி, மண்வளம், வங்கிக் கணக்கு எல்லாம் இருக்கிறது. சுமார் 237 கிலோமீட்டர் கடற்கரை உள்ள மாவட்டத்தில் கடல் தொழிலைப் பற்றி ஒரு கேள்வி கிடையாது. வேறெங்கோ தீட்டிய பட்டியலை அப்படியே இங்கே விரித்தால் இதுதான் நடக்கும்.

கரையில் இருப்பவர்களுக்கு இதெல்லாம் புரியுமா என்ற ஏளனமும் கூடவே வரும். பாம்பன் சின்னப்பாலம் பக்கத்தில் முங்கிப் பாசி எடுக்கும் பெண்கள், பாசி அழிந்துவிடாமலிருக்க மாதத்தில் 12 நாள்தான் கடலுக்குள் போவது என்று தங்களுக்குள் கட்டுப்பாடு வைத்துக்கொண்டவர்கள். இத்தனை நாள் எடுத்தால் இவ்வளவு குறையும், இத்தனை நாள் விட்டால் இவ்வளவு தழைக்கும் என்ற காரண-விளைவுக் கணக்கு இல்லாமல் அந்தக் கட்டுப்பாடு பிறந்திருக்குமா? 2015-இல் சீகாலஜி என்ற சர்வதேச அமைப்பு தன் விருதை அவர்களில் ஒருவருக்கே கொடுத்தது. திட்டத்தின் அனுமானங்களைச் சரிபார்க்க அவர்களைவிடத் தகுதியான ஆலோசகர்கள் இந்தக் கரையில் கிடையாது.

எனக்கு மிகவும் கனமாகத் தோன்றும் மறுப்பு மூன்றாவது. அளந்தால் மானியம் நின்றுவிடும் என்ற பயம். பலன் இல்லை என்று ஓர் அறிக்கை வந்தால் போதும், நிதித் துறை அந்தத் தலைப்பையே அடித்துவிடும், கிடைத்த தெப்பமும் போய்விடும் என்று குழுப் பெண்கள் நினைத்தால் அதைத் தவறென்று சொல்ல முடியாது. ஆனால் அளக்காமல் விட்ட ஆழ்கடல் திட்டத்தில் நடந்தது என்ன? இலக்கு எட்டாதபோது பழி மீனவர் தலையில் விழுந்தது. 'எழுபது சதவீதம் மானியம் கொடுத்தும் வரமாட்டேன் என்கிறார்கள்' என்று பேச வசதியாகப் போயிற்று. அனுமானங்கள் எழுத்தில் இருந்திருந்தால், தவறியது திட்டம், மனிதர்கள் அல்ல என்று காட்ட மீனவர் சங்கங்களின் கையில் ஓர் ஆவணம் இருந்திருக்கும். அளவு எப்போதும் மேலிருப்பவருக்கே ஆயுதம் என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. யார் எழுதினார்கள், யார் கையில் நகல் இருக்கிறது என்பதைப் பொறுத்தது அது.

இதையெல்லாம் இப்போது சொல்லக் காரணம் இருக்கிறது. 2020-இல் வந்த பிரதமரின் மீன்வளத் திட்டத்தில் பாசிக்கு மட்டும் 640 கோடி ஒதுக்கி, 11.2 லட்சம் டன் உற்பத்தி என்று இலக்கு வைத்தார்கள். நாடு முழுவதும் சுமார் 46,000 தெப்பங்களுக்கும் 65,000 ஒற்றைக்கயிறு, வலைக்குழாய் அலகுகளுக்கும் ஒப்புதல் தந்தார்கள். 2023 செப்டம்பரில் தொண்டி அருகே வளமாவூரில் சுமார் 127 கோடி ரூபாயில் பல்நோக்குக் கடற்பாசிப் பூங்காவுக்கு அடிக்கல் நாட்டினார்கள். ஆறு மாவட்டங்களின் 136 மீனவக் கிராமங்களுக்குப் பயன் என்று அறிவிப்பு. டன், தெப்பம், கோடி, கிராமம் என்று எல்லாம் எண்ணிக்கை. ஒரு குடும்பத்தின் ஆண்டு வருமானம் இன்று எவ்வளவு, மூன்றாண்டில் எவ்வளவு ஆக வேண்டும் என்ற எண்ணையும் சேர்த்து எழுதினால்தான் கணக்கு முடியும்.

அதற்குப் பெரிய ஆய்வு நிறுவனம் வேண்டியதில்லை. தெப்பம் வாங்கப்போகும் ஒவ்வொரு குழுவிடமும் தொடங்குமுன் நான்கைந்து கேள்வி: ஆண்டில் எத்தனை மாதம் வேலை, மாதம் எவ்வளவு வரவு, வட்டிக்கு வாங்கிய கடன் எவ்வளவு, மழைக்காலத்தில் என்ன செய்கிறீர்கள், பணம் யார் கையில். அதே கேள்விகளை ஆண்டுக்கொரு முறை திரும்பக் கேட்க வேண்டும். எல்லாக் கிராமத்துக்கும் ஒரே ஆண்டில் கொடுக்காமல் கட்டம் கட்டமாகக் கொடுத்தால், காத்திருக்கும் கிராமங்களோடு ஒப்பிட்டு, வந்த மாற்றம் தெப்பத்தாலா, அந்த ஆண்டின் நல்ல கடலாலா என்றும் பிரித்துப் பார்க்கலாம். ஊட்டச்சத்துத் திட்டமும் ஒன்றியம் ஒன்றியமாகத்தான் விரிந்தது. சுடுநீரும் நோயும் வந்தால் எந்த அளவில் நடவை நிறுத்துவது, அப்போது குழுவுக்கு என்ன கிடைக்கும் என்பதும் அதே தாளில் இருக்க வேண்டும்.

இராமநாதபுரம் மாவட்ட நிர்வாகமும் மீன்வளத் துறையும் வரும் அக்டோபர் 2 கிராம சபைக்கு முன் இந்த ஒரு தாளைத் தயார் செய்யட்டும். புதுமடத்திலும் வேதாளையிலும் அதைச் சபையில் வாசித்து, பாசி எடுக்கும் பெண்கள் திருத்திச் சொல்வதைச் சேர்த்துத் தீர்மானமாக்கி, நகலை ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டட்டும். அது முடியும்வரை அடுத்த தவணைத் தெப்பத்துக்கு மூங்கில் வெட்ட வேண்டாம்.